அரக்கு உடையாத பொட்டலம்

உப்புக்காற்று அடிக்கிற ஊரில் துணியைக் காப்பாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை, அம்மா. வெயிலில் காயப்போட்டு எடுத்தாலும் சாயங்காலத்துக்குள் பிசுபிசுப்பு ஏறிவிடும். மடித்து வைத்தால் மடிப்புக்கு மடிப்பு பூஞ்சை பிடிக்கும். இரும்புப் பீரோ துருவேறும், மரப் பீரோவைக் கரையான் தின்னும், இரண்டுக்கும் தப்பினதைப் பாச்சை பார்த்துக்கொள்ளும். நான் எங்கள் ஸ்டேஷனில் பிராப்பர்ட்டி ரூம் பொறுப்பை எடுத்த அன்றைக்கு அங்கே பெருச்சாளி குட்டி போட்டிருந்தது. இன்றைக்கு நீங்கள் போய்ப் பார்த்தால் சாமி அறையோ என்று நினைத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவீர்கள்.

நடந்ததை நடந்தபடி என் கையாலேயே எழுதச் சொல்லித் தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள். போலீஸ் அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கிற ஒப்புதல் கோர்ட்டில் நிற்காது என்பது டி.எஸ்.பி.யான உங்களுக்கும் தெரியும், ஏட்டு தர்மராஜான எனக்கும் தெரியும். பரவாயில்லை. மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினாலும் இதையேதான் சொல்லப் போகிறேன். எத்தனையோ திருடனுக்கும் குடிகாரனுக்கும் வாக்குமூலம் எழுதிய கை இது. சொந்த வாக்குமூலத்தை அடித்தல் திருத்தலோடு எழுதினால் கேவலம். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நிதானமாக முதலில் இருந்தே வருகிறேன்.

வழக்குகளில் கைப்பற்றுகிற பொருள்கள் எல்லாம் அந்த அறைக்குத்தான் வரும். அரிவாள், சாராயக் கேன், திருட்டு செல்போன், மணல் அள்ளிய மண்வெட்டி. பெண்கள் வழக்கில் வருவது மட்டும் பொட்டலமாக வரும். பாதிக்கப்பட்ட பெண்ணை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போவார்கள். அங்கே டாக்டரம்மா அவள் உடுத்தியிருந்த துணியை வாங்கி, உடம்பில் இருந்து பஞ்சுக் குச்சியால் எடுத்த மாதிரிகளைக் குப்பிகளில் போட்டு, எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றி, மேலே துணி வைத்துத் தைத்து, தையல் மேல் அரக்கு முத்திரை வைத்துக் கொடுப்பார். அதைக் கோர்ட் அனுமதியோடு ஒரு போலீஸ்காரர் தடய ஆய்வகத்துக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே சோதித்துப் பார்த்து, இந்தக் காரியத்தைச் செய்தவன் இன்னான் என்று சொல்வார்கள். போய்ச் சேருகிற வரைக்கும் அதற்குத் தாயும் தகப்பனும் நான்தான்.

முதல் பொட்டலம் தங்கிப் போனதற்கு நான் காரணம் இல்லை. கொண்டுபோக ஆள் கேட்டேன். பெரிய மனிதர் ஒருவர் ராமேசுவரத்துக்குச் சாமி கும்பிட வருகிறார், வழி முழுக்க ஆள் நிறுத்த வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பின்னாலேயே திருவிழா வந்தது. திருவிழா முடிந்த கையோடு புயல் எச்சரிக்கை. அதற்குள் இரண்டாவது பொட்டலம் வந்துவிட்டது. இதற்காக ஒரு ஆளை ஒரு நாள் முழுக்க அனுப்புவதா, இன்னும் நாலு சேரட்டும் என்றார் இன்ஸ்பெக்டர். ஷேர் ஆட்டோக்காரன் ஆள் சேருகிற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டான் அல்லவா, அந்த மாதிரி. சேர்ந்தது. மேலும் மேலும் சேர்ந்தது. வண்டியை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

கடல் அட்டைக்கு வண்டி உண்டு. பிடிக்கத் தடை உள்ள அந்தக் கடல் பிராணியை இலங்கைக்குக் கடத்தும்போது மூட்டையாகப் பிடித்தால், பிடித்த இடத்திலேயே போட்டோ, பத்திரிகைக்காரர்கள், ஜீப். அட்டை அட்டைதானா என்று நிச்சயப்படுத்திக்கொள்ள அன்றைக்கே மாதிரி புறப்பட்டுவிடும். அட்டை கெட்டுப்போகும், துணி கெட்டுப்போகாது என்று இன்ஸ்பெக்டர் விளக்கம் சொன்னார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அதோடு, துணி கெட்டுப்போகாமல் இருப்பதே என்னால்தான் என்கிற சந்தோஷமும் இருந்தது. பீரோவில் தட்டுத் தட்டாக அடுக்கி, தட்டுக்குத் தட்டு பாச்சை உருண்டை போட்டு, வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி காட்டினேன். ஒரு சுதந்திர தினத்தன்று சிறந்த பராமரிப்புக்கு என்று நற்சான்றிதழ் கொடுத்தார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி, பொட்டலங்கள் ஏன் இங்கேயே இருக்கின்றன என்று கேட்கவில்லை. எவ்வளவு வரிசையாக இருக்கின்றன பாருங்கள் என்று கூட வந்தவரிடம் காட்டினார்.

கேட்டது அந்தப் பெண்கள்தான். அதுவும் போகப் போகக் குறைந்தது. ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்க வேண்டாமா என்று சொல்லி அனுப்புவேன். உச்சிப்புளிப் பக்கத்தில் இருந்து துர்காதேவி என்று ஒரு பெண். இவர்கள் பெயரை எழுதக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நமக்குள் என்ன இருக்கிறது, எழுதுகிறேன். ரிப்போர்ட் வந்த பிறகு இவள் வீட்டுக்குள் வந்தால் போதும் என்று புருஷன் வீட்டில் சொல்லியிருந்தார்கள். தாய் வீட்டில் இருந்தபடி ஒரு வருடம் நடந்தாள். அப்புறம் ஒரு நாள் வந்து, ரிப்போர்ட் வேண்டாம் சார், என் சேலையைக் கொடுத்துவிடுங்கள் என்றாள்.

"அத வச்சு என்னம்மா செய்யப் போற?"

"எரிக்கப் போறேன் சார். அது இங்கன இருக்குங்குற நெனப்புலயே எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது."

வழக்குச் சொத்தை எரிக்கக் கொடுக்க முடியுமா? சட்டத்தை எடுத்துச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பிறகு அவள் வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். சரி, பிழைத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். இப்படி ஒவ்வொருத்தியாக வராமல் நின்றபோது, ஆறிவிட்டது, ஆறிவிட்டது என்று எனக்குள் ஒரு நிம்மதி. மருந்து போடாமலே ஆறுகிற புண்ணும் உண்டு என்று என் மனைவி சோணையம்மாளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்லின் விஷயத்தில்தான் என் கணக்குத் தப்பியது. பாம்பன் பக்கம் மீன்பிடிக் குடும்பம். தகப்பன் இல்லை. தாய் யாகப்பம்மாள் கருவாட்டுக் கூடை தூக்குகிறவள். ஆஸ்லின் ஒரு நண்டு கம்பெனியில், அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை பார்த்தாள். வேலை முடிந்து கிளம்பும்போது ஐஸ் அறைக்குப் பின்னால் வைத்துச் சூப்பர்வைசர் தன்னைக் கெடுத்துவிட்டான் என்று புகார் கொடுத்தாள். சூப்பர்வைசரோ, நான் அன்றைக்குக் கம்பெனிக்கே வரவில்லை, அவள் முகத்தையே சரியாகப் பார்த்ததில்லை என்றான். இருவரில் யார் சொல்வது மெய் என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி பொட்டலத்துக்குள் இருந்தது. பொட்டலம் என் பீரோவில் இருந்தது. ஜாமீனில் வந்தவன் அதே கம்பெனியில் அதே நாற்காலியில் உட்கார்ந்தான். இவளை மட்டும், விஷயம் முடியட்டும் பிறகு பார்க்கலாம் என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் மாதா கோயில் திருவிழாவில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்களாம்.

மாதம் பிறந்தால் தாயும் மகளும் வந்துவிடுவார்கள். நான் ஃபேனுக்குக் கீழே பெஞ்சைப் போட்டு உட்காரச் சொல்வேன். மரியாதையில் ஒரு குறை வைத்ததில்லை. "எம் மக பொய் சொல்லமாட்டா சார். பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று யாகப்பம்மாள் ஒவ்வொரு தடவையும் சொல்வாள். பெற்றவர்கள் எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள் என்று நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொள்வேன்.

மூன்றாவது வருடம் ஒரு நாள் மகள் மட்டும் தனியாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சார், ஐஸ் இல்லாட்டி நண்டு ஒரு பொழுது தாங்காது. எந்துணி மூணு வருசமா எங்கன கெடக்கு?"

"பத்திரமா இருக்கும்மா. என்னைய மீறி ஒரு எறும்பு அங்கன போகாது."

"பத்திரமா வச்சுக்கிறவா சார் குடுத்தேன்?" என்றாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில, குளிக்கக்கூடாதுன்னாங்க, குளிக்கல. தண்ணி குடிக்கக்கூடாதுன்னாங்க, குடிக்கல. முன்னப்பின்ன தெரியாதவங்க முன்னாடி எல்லாத்தையும் அவுத்துக் குடுத்துட்டு, நர்ஸம்மா குடுத்த நைட்டியோட வீட்டுக்குப் போனேன். இது போதும்மா, இனிமே அவன் தப்ப முடியாதுன்னாங்க. அத நம்பித்தான சார் குடுத்தேன்?"

சத்தம் போடாமல்தான் சொன்னாள். ஸ்டேஷனில் இருந்த எல்லாரும் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறவனைப் பார்த்து ஒரு நன்றி இல்லையே என்று மனசு விட்டுப்போனது.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம் சொல்லிவிடுகிறேன். அந்தச் சூப்பர்வைசர் காளீஸ்வரன் என் உடன்பிறந்த அக்காள் மகன். அதை முன்பே மேலிடத்தில் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்டீர்கள். சொல்லியிருந்தால் என்னை அந்த அறையில் இருந்து மாற்றியிருப்பார்கள். பிறகு பெருச்சாளிதான் குட்டி போடும். உறவு வேறு, கடமை வேறு என்று இருக்கிறவன் நான். அவன் வழக்குப் பொட்டலத்தை மற்றப் பொட்டலங்களோடு சரிசமமாகத்தான் வைத்திருந்தேன். மற்றவை எத்தனை நாள் கிடந்தனவோ அத்தனை நாள்தான் அதுவும் கிடந்தது.

எங்கள் பக்கம் அக்காள் மகனுக்குப் பெண் கொடுப்பது முறை. என் ஒரே மகள் முருகலட்சுமி பிறந்த அன்றைக்கே காளீஸ்வரனுக்கு என்று பேச்சு. அவள் ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். காலையில் ஊசியில் எடுத்தால் சாயங்காலத்துக்குள் முடிவைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்த வேலைப் பழக்கத்தில் அவளுக்கு ஒரு அவசர புத்தி. தை மாதம் அக்காள் வீட்டார் தட்டு வரிசையோடு வந்து, சிவப்பில் பச்சைக் கரை போட்ட பட்டுப் புடவை வைத்துப் பரிசம் போட்டார்கள். எல்லாரும் போன பிறகு மகள் என்னிடம் வந்தாள்.

"அய்யா, அத்தான் மேல ஒரு கேஸு இருக்குல்ல?"

"கேஸுன்னா? புகாரு. ரிப்போர்ட்டு வராம அது ஒண்ணும் இல்ல."

"அப்ப ரிப்போர்ட்டு வரட்டும்யா. அதுல அத்தான் இல்லைன்னு வந்தா அன்னைக்கே கழுத்த நீட்டுறேன். வராம நீட்ட மாட்டேன்."

சோணையம்மாள் அழுது பார்த்தாள். அக்காள் வந்து மண்ணை வாரித் தூற்றாத குறையாகப் பேசினாள். மகள் அசையவில்லை. பெரியவர்கள் பார்த்து ஆவணியில் முகூர்த்தம் வைத்தோம், அதற்குள் இறங்கி வந்துவிடுவாள் என்று. ஆகக்கூடி ஒரே ரிப்போர்ட்டுக்காக அங்கே ஆஸ்லினும் இங்கே என் மகளும் காத்திருந்தார்கள். இரண்டு பேரும் அதுவரை ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது. இரண்டு பேருக்கும் நடுவில் என் பீரோ.

நான் ஒன்றும் செய்யாமல் இருந்திருந்தாலே எல்லாம் தானாக ஆறியிருக்கும். கெடுத்தது மேலிடம். வருடக்கணக்காக ஒரு ஜீப் கொடுக்காதவர்கள், திடீரென்று விழித்துக்கொண்டு, மாவட்டம் முழுக்கத் தேங்கிக் கிடக்கிற பெண்கள் வழக்குப் பொட்டலங்களை ஒரே வீச்சில் அள்ளி ஆய்வகத்தில் சேர்க்கப் போகிறோம், வேன் வருகிறது என்றார்கள். எங்கள் ஸ்டேஷனுக்கு ஆடி அமாவாசைக்கு மறுநாள் முறை. வண்டி கேட்டுக் கேட்டு வாய் வலித்தவனுக்கு வண்டி வராமல் இருந்தால் தேவலை என்று ஆகிவிட்டது. வாழ்க்கையில் எத்தனை வேடிக்கை பாருங்கள்.

நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். ஒரு பொட்டலம் மட்டும் காணாமல் போனால் அதற்குத் திருட்டு என்று பெயர். யாருடையது, யாருக்கு லாபம், ஏட்டுக்கு அவன் என்ன உறவு என்று நூல் பிடித்து வந்துவிடுவார்கள். எல்லாப் பொட்டலமும் போய்விட்டால் அதற்குப் பராமரிப்புக் குறைவு என்று பெயர். கூரை ஒழுகியது, பூஞ்சை பிடித்தது, நாற்றம் தாங்காமல் அப்புறப்படுத்தினோம் என்று எழுதலாம். அதற்கு ஒரு மெமோ வரும், அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது. பூசணித் தோட்டத்தில் மறைக்கலாம். எனக்கு வலித்தது ஒரே விஷயம்தான். என் அறை ஒழுகுகிறது, என் பீரோவில் பூஞ்சை என்று என் கையாலேயே எழுத வேண்டும். நற்சான்றிதழ் வாங்கியவனுக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

எங்கே அப்புறப்படுத்துவது என்று அதிகம் யோசிக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தத்துக்கு வருகிற ஜனங்கள் முழுக்குப் போட்டதும் உடுத்தியிருந்த துணியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். துணியோடு பாவமும் தோஷமும் போய்விடும் என்று நம்பிக்கை. கடலில் துணிகளைப் போடாதீர்கள் என்று பெரிய போர்டு இருக்கிறது. அதன் அடியில் வருடா வருடம் பந்தோபஸ்து நிற்பவன் நான். நூறு சேலைக்கு நடுவில் ஒரு சேலையை யார் கண்டார்கள்? அந்தப் பெண்களுக்கும் ஒரு விமோசனம். மருத்துவமனைக் காகிதத்துக்குள் கிடந்து மட்குவதைவிடப் புண்ணிய தீர்த்தத்தில் கரைவது மேல் இல்லையா?

அமாவாசைக்கு முதல் நாள் பொட்டலங்களை வீட்டுக்குக் கொண்டுபோய், பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். குப்பிகளை உடைத்துக் கொல்லையில் புதைத்தேன். துணிகளைப் பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டினேன். ஆஸ்லின் பொட்டலத்தை மட்டும் பிரிக்கவில்லை. அரக்கோடு அப்படியே மூட்டைக்குள் வைத்தேன். அதை ஏன் பிரிக்கவில்லை என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். பயம் எல்லாம் இல்லை. பிரித்தால் பார்க்க வேண்டி வரும். பார்த்தால் ஏதாவது தெரிந்து தொலைக்கும். தெரியாதவரைக்கும் காளீஸ்வரன் நல்ல பிள்ளை, நான் நல்ல மாமன். கடற்கரையில் போய்ப் பிரித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மூட்டையைக் கட்டி முடித்ததும், இறந்துபோன எங்கள் அய்யாவின் பழைய துணிகள், நாளைக்குக் கடலில் விட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, தர்ப்பணத்துக்கு எள்ளும் தர்ப்பையும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். திரும்பி வரும்போது முருகலட்சுமி பின்கட்டு அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். "என்னய்யா, அய்யாப்பா துணியில பாச்சை உருண்டை வாடை அடிக்குது?" என்றாள். பழைய துணி அப்படித்தான் அடிக்கும் என்றேன். அவள் குப்பையை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். என் மகள் கேள்வி கேட்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அமாவாசை அன்று பந்தோபஸ்துக்கு மாற்று ஆள் வந்ததும் சீருடையைக் கழற்றிவிட்டு, மூட்டையோடு தண்ணீரில் இறங்கினேன். நல்ல கூட்டம். ஆடிக் காற்றும் அலையும். இடுப்பளவு ஆழத்தில் நின்று முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக விட்டேன். துர்காதேவியின் சேலையை முதலில் விட்டேன். கேட்டவளுக்கு முதலில் கொடுப்பதுதானே முறை. ஒவ்வொரு துணிக்கும் அந்தந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். உயிரோடு இருப்பவர்களுக்கு யாரும் எள்ளும் தண்ணீரும் இறைக்க மாட்டார்களே என்று இப்போது நீங்கள் கேட்டபோதுதான் எனக்கே அது தோன்றுகிறது. அன்றைக்கு அது ரொம்பப் பொருத்தமாக இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர்கூட வந்தது, அம்மா. இந்தப் பெண்களுக்காக அழுத ஒரே போலீஸ்காரன் நானாகத்தான் இருப்பேன்.

கடைசியாக ஆஸ்லின் பெயரைச் சொல்லிவிட்டு மூட்டைக்குள் கை விட்டேன். தையலும் அரக்கும் கையில் தட்டுப்படவில்லை. வழுவழுவென்று ஏதோ வந்தது. இழுத்தேன். சிவப்பில் பச்சைக் கரை போட்ட பட்டுப் புடவை. தை மாதம் என் கண்ணெதிரே தட்டில் வைத்து நீட்டியது. அலை அதை என் கையில் இருந்து வாங்கி விரித்துப் போட்டது.

பக்கத்தில் முழுகிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "ஏங்க, இம்புட்டு நல்ல பட்டப் போயி கடல்ல விடுறீகளே?" என்று பதறினாள்.

"நேத்திக்கடன்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

வீட்டுக்கு வந்தபோது சோணையம்மாள் வாசலில் நின்றாள். "மக நீங்க கெளம்புன கையோட பாம்பன் பஸ்ஸுக்குப் போச்சு. கையில ஒரு பொட்டலம் வச்சிருந்துச்சு. கேட்டதுக்கு, உரியவங்ககிட்டக் குடுக்கப் போறேன், என்னையத் தேடாதீகன்னு சொல்லிருச்சு" என்றாள். மூட்டையைப் பிரித்துப் பார்த்தவள் பொட்டலத்தின் மேல் எழுதியிருந்த பெயரையும் ஊரையும் படித்திருக்கிறாள். ஆஸ்லினைத் தேடிப் போய், இரண்டு பேருமாக அன்றைக்கே பொட்டலத்தை உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அதற்கு மேல் நடந்தது உங்களுக்கே தெரியும். நான் மறுக்கவில்லை. அத்தனை பெண்களின் துணியையும் கடலில் விட்டது நான். குப்பிகளை உடைத்தது நான். அவை இனி எந்த ஆய்வகத்திலும் பேசாது என்று தெரிந்தே செய்தேன்.

ஆனால் காளீஸ்வரனைக் காப்பாற்றச் செய்தேன் என்று உங்கள் எழுத்தர் குறித்துக்கொண்டிருக்கிறார். அதைத் திருத்தச் சொல்லுங்கள். நான் காப்பாற்ற நினைத்தது எல்லாரையும்தான். அந்தப் பெண்களை ஊர் வாயில் இருந்து, அக்காளை அவமானத்தில் இருந்து, மகளை முதிர்கன்னி ஆவதில் இருந்து. இதில் அவனும் தப்பியிருப்பான் என்றால் அது தற்செயல்.

இதையெல்லாம் நான் ஏன் மறைக்காமல் எழுதுகிறேன் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். காளீஸ்வரனுக்கு வக்கீல் பேசி வைத்தவனே நான்தான், அவர் கெட்டிக்காரர். பொட்டலம் ஒரு நாள் வெளியே இருந்திருக்கிறது, ஏட்டு மகள் பிரித்து எதையோ வைத்துத் தைத்துவிட்டாள், இது செல்லாது என்பார். நான் வாயை மூடிக்கொண்டால் அவர் ஜெயித்துவிடுவார். அதற்கு மட்டும் விடமாட்டேன். என் பொறுப்பில் இருந்த பொட்டலத்தை எவரோ தொட்டார்கள் என்று எவனும் சொல்லக் கூடாது. அன்றைக்கு நீங்கள் அதை என் முன்னால் வைத்தபோது சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். தையல் பிரியவில்லை. அரக்கில் ஒரு கீறல் இல்லை. உப்புக்காற்றில் மூன்று வருடம் கிடந்தும் ஒரு பாச்சை அரிப்பு இல்லை. என் மகள் அதைப் பிரித்திருக்க மாட்டாள். பிரிக்கவில்லை என்று அவள் சொன்னால் பிரிக்கவில்லைதான். அவள் பொய் சொல்லமாட்டாள், பெற்றவனுக்குத் தெரியாதா? எந்தக் கோர்ட்டிலும் கூண்டில் ஏறிச் சொல்வேன். சோதனையில் காளீஸ்வரன் பெயர் வருமானால், அவன் பிடிபட்டதற்கு என் பராமரிப்பும் ஒரு காரணம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பொட்டலம் உங்கள் கைக்கு வந்தது ஆடி அமாவாசை அன்று. இப்போது ஆவணி பிறந்து பாதி ஆகிவிட்டது. மறுநாளே வந்த வேன், இது இப்போது காளீஸ்வரன் வழக்கு, என் வழக்கு என்று இரண்டு வழக்குக்குச் சொத்து, எந்த வழக்கில் அனுப்புவது என்று முடிவாகட்டும் என்று இதை எடுக்காமல் போய்விட்டதாம். சற்று முன் எனக்குத் தாள் எடுத்துக் கொடுக்க நீங்கள் பீரோவைத் திறந்தபோது மேல்தட்டில் பழைய கோப்புகளுக்கு நடுவில் அதைப் பார்த்தேன். கொண்டுபோக ஆள் இல்லை, விநாயகர் ஊர்வலம் முடியட்டும் என்று போனில் யாரிடமோ சொன்னீர்கள். வெளியே பெஞ்சில் ஆஸ்லினும் என் மகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபேனுக்குக் கீழேதான் போட்டிருக்கிறீர்கள், டீயும் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். என் மகள் என்னைப் பார்க்கவில்லை. உங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தட்டில் நாலு பாச்சை உருண்டை போடச் சொல்லுங்கள், அம்மா. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன்.